இடது பக்கம் மட்டும்

பட்டாணியின் வலது பக்கப் பின்னலில் சூயிங்கம் அப்பிக் கிடப்பதைத் தையல்காரர் பார்த்தபோது மணி மூன்று. ஐந்து மணிக்கு மகளை அவள் அம்மாவிடம் ஒப்படைக்க வேண்டும்.

"எப்படிம்மா ஒட்டிச்சு?"

"தெரியலப்பா," என்றாள் ஒன்பது வயதுப் பட்டாணி, பிஸ்கட்டைக் கடித்தபடி.

விவாகரத்தாகி ஒன்றரை வருஷம். சனி, ஞாயிறு மட்டும் மகள் அவர் பொறுப்பு. நர்ஸ் வேலை பார்க்கும் மாஜி மனைவிக்கு உடனே போன் போட்டால், 'ரெண்டு நாள் பிள்ளையைப் பாத்துக்கத் துப்பில்லை' என்பாள். சொல்லாமல் விட்டால், 'மறைச்சுட்டீங்க' என்பாள். இரண்டிலும் வசவு நிச்சயம். அதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாமே என்று அவருக்குத் தோன்றியது.

எண்ணெய் தடவினால் கழன்றுவிடும் என்று எங்கோ கேட்ட ஞாபகம். கடையில் இருந்தது தையல் மெஷினுக்கு விடும் எண்ணெய். தேய்த்தார். சூயிங்கம் வழுக்கிக்கொண்டு மேலே ஏறிக் காதோரம் குடியேறியது.

இருபது வருஷமாகக் கத்தரி பிடித்த கை. ஒரு தலை என்ன பிரமாதம்? நாடாவால் அளந்து நறுக்கென்று ஒரு வெட்டு. சூயிங்கம் போயிற்று. கூடவே பின்னலும் போயிற்று. துணியாக இருந்தால் ஒட்டுப் போட்டிருப்பார்.

அந்த நேரம் பார்த்து மாஜி மனைவி வீடியோவில் வந்தாள். அவர் மகளைப் பக்கவாட்டில் நிறுத்தி, இடது கன்னத்தை மட்டும் காட்டினார்.

"என்னங்க, பொண்ணு பாதிதான் தெரியறா?"

"கேமரா அப்படி."

"மீதிப் பாதி?"

"அந்தப் பக்கம் சிக்னல் இல்ல."

"நான் இப்பவே கிளம்பி வரேன்," என்று போனை வைத்தாள்.

வியர்த்துப்போய்த் தன் வக்கீலைக் கூப்பிட்டார். "சார், பிள்ளை விஷயத்துல முக்கியமான முடிவை ரெண்டு பேரும் சேர்ந்துதான் எடுக்கணும்னு தீர்ப்புல இருக்கே... அதுல முடியும் சேருமா?"

"முடிவெடுத்துட்டீங்களா?"

"முடி வெட்டிட்டேன் சார்."

"ரெண்டும் ஒண்ணுதான். யாருக்கும் தெரியறதுக்குள்ள சரி பண்ணிடுங்க."

மகளின் தலையில் ஒரு துண்டைப் போட்டு மூடி, பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த அழகு நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடினார். துண்டை விலக்கிய முடிதிருத்தும் பெண் பட்டாணியைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தன் கைவண்ணத்தைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று தையல்காரருக்கு மானம் போயிற்று.

"சமமா வெட்டணும்னா காதுக்கு மேலதான் வரும். பரவாயில்லையா?"

"வெட்டுங்க, சீக்கிரம்!"

கடைசி முடி விழுந்ததும் கண்ணாடிக் கதவு திறந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கிய மாஜி மனைவி, நர்ஸ் உடுப்போடு நின்றாள்.

"அடப்பாவி மனுஷா! என் பொண்ணைக் கோழி மாதிரி உரிச்சு வெச்சிருக்கீங்களே!"

"முடியில சூயிங்கம் ஒட்டிக்கிச்சு, அதான்..."

"எதுக்கு சூயிங்கம் வாங்கிக் குடுத்தீங்க?"

"நானா? உன் வீட்லேர்ந்துதான் கொண்டு வந்திருப்பா!"

"கோர்ட்டுக்கு வாங்க!"

"வரேன்! உன் அஜாக்கிரதைய அங்கே சொல்றேன்!"

"நான் அஜாக்கிரதையா? அந்த முடிக்கு நாலு வருஷம் எண்ணெய் தேய்ச்சது யாரு?"

"இன்னிக்கு நானும்தான் தேய்ச்சேன்!"

பட்டாணி நாற்காலியில் இப்படியும் அப்படியும் சுழன்று, கண்ணாடியில் தன் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அந்த அறையில் சந்தோஷமாக இருந்த ஒரே ஆள் அவள்தான்.

தரையில் கிடந்த முடியைக் கூட்டித் தள்ளிக்கொண்டே முடிதிருத்தும் பெண் குறுக்கிட்டாள்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. 'அம்மாவைக் கேட்டா அப்பாவைக் கேளுங்கறாங்க, அப்பாவைக் கேட்டா அம்மாவைக் கேளுங்கறாரு. யாரையும் கேக்காம முடி வெட்டிக்க என்ன வழிக்கா?'ன்னு பாப்பா போன வாரம் இங்க வந்தப்ப கேட்டா. நான்தான் விளையாட்டா சூயிங்கத்தைச் சொல்லித் தொலைச்சேன்."