முதல் பாகக்காரர்

முதல் பாகக்காரர் என்று ஓர் இனம் நம் ஊரில் உண்டு. அடையாளம் காண்பது சுலபம். ஏதாவது ஒன்று நன்றாக இருக்கிறதென்று அவர் எதிரில் சொல்லிப் பாருங்கள். கண்களை லேசாக மூடுவார், மூக்கு வழியாக ஒரு பெருமூச்சு விடுவார், பிறகு, "மொதல்ல வந்தது மாதிரி வருமா?" என்பார். வராது. எதுவுமே வராது. புதுப் பேருந்து பழையது மாதிரி வராது, இந்த வருஷத்து மாவடு போன வருஷத்தது மாதிரி வராது, எதிர்வீட்டுக்காரரின் இரண்டாவது மாப்பிள்ளை முதல் மாப்பிள்ளை மாதிரி கண்டிப்பாக வரமாட்டார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தனக்குப் பிடிக்காத எதையும் இவர் தவறவிட்டதே கிடையாது.

தொண்ணூற்றெட்டாம் வருஷத்தில் இந்த இனத்துக்குச் சென்னையில் தலைவர் என்று யாரையாவது சொல்வதானால், பனகல் பூங்காவுக்குப் பின்னால் பாத்திரக்கடை வைத்திருந்த ஜவஹர் அண்ணாச்சியைத்தான் சொல்ல வேண்டும். இந்தக் குக்கர் நன்றாக உழைக்குமா என்று யாராவது கேட்டால், உழைக்கும், ஆனால் இதே கம்பெனி முதலில் போட்ட குக்கர் இருக்கிறதே என்று ஆரம்பிப்பார். கேட்டவர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். அதனால்தான் அவர் மனைவி ஜெயபாரதி பகலெல்லாம் கடையிலேயே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இவர்மேல் வேறொரு மனத்தாங்கலும் உண்டு. இரண்டாவது குழந்தை லாவண்யா பிறந்த அன்று, ஆஸ்பத்திரித் தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, "அஸ்வத் பொறந்தப்போ அழுகை இன்னும் கணீர்னு இருந்துச்சுல்லா" என்று சொன்ன மனுஷர் இவர். மூன்று வாரம் அவள் பேசவில்லை.

இருந்தாலும் குக்கரும் குழந்தையும் அவருக்குச் சில்லறை விஷயங்கள். அவருடைய உண்மையான துறை 'வெள்ளிப் பருந்து'. அமெரிக்காவில் எடுத்து, கோடம்பாக்கத்தில் தமிழ் பேச வைத்து, நான்கு பாகங்கள் வந்திருந்த படம் அது. வெள்ளி இறக்கை கட்டிய கதாநாயகன் நகரத்தைக் காப்பாற்றுவான். நகரத்தை அழிக்க வருபவன் டாக்டர் விரியன். முதல் பாகத்தின் முடிவில் விரியன் கொதிக்கும் அமிலத் தொட்டியில் விழுந்து செத்தான். இரண்டாம் பாகத்தில் இரும்புக் கையோடு வந்து, நீர்மூழ்கிக் கப்பலோடு முங்கினான். மூன்றில் கண்ணாடிக் கண்ணோடு வந்து நிலாவில் வெடித்தான். நான்கில் பனிப்பாறைக்குள் உறைந்துபோனான். உறைந்தவன் கடைசி நொடியில் ஒரு விரலை அசைத்தான். அந்த விரலைப் பற்றி மேற்கு மாம்பலத்தில் வீடியோ கேசட் நூலகம் நடத்திய அக்பர் பாஷாவின் வாசலில் நின்றுகொண்டு அண்ணாச்சி பேசிய பேச்சை ஒலிநாடாவில் பிடித்திருந்தால், அதுவே நான்கு பாகம் வந்திருக்கும்.

அவர் கட்சி இதுதான். செத்தவன் திரும்பி வருவானென்று தெரிந்துவிட்டால் சண்டையில் பயம் எங்கே இருக்கிறது? கதாநாயகன்தான் எதற்காக மெனக்கெட வேண்டும்? கை போனால் கை மாட்டுகிறான், கண் போனால் கண் மாட்டுகிறான். கைப்பிடியையும் அடிப்பாகத்தையும் மாற்றிவிட்டு இது அதே வாணலிதான் என்று தன் கடையில் விற்க முடியுமா?

இந்த நிலையில்தான் ஐந்தாம் பாகம் வந்தது. அதன் தமிழ் உரிமையை வாங்கலாமா வேண்டாமா என்று விநியோகஸ்தர் சுலோச்சனா அம்மாள் தயங்கினார். அதே வில்லனை ஜனங்கள் இன்னொரு தடவை பொறுத்துக்கொள்வார்களா? நன்றாக விஷயம் தெரிந்த பத்து ரசிகர்களைக் கூப்பிட்டு, தி.நகரில் ஒரு சின்ன பிரிவியூ தியேட்டரில் அரை மணி நேர ஆங்கிலத் துண்டைப் போட்டுக் காட்டி, ஆளுக்கொரு சீட்டில் எழுதி வாங்கிவிடுவதென்று முடிவு செய்தார். ஆள் பிடிக்கும் வேலை அக்பர் பாஷாவிடம் வந்தது. அவர் நேரே பாத்திரக்கடைக்கு வந்தார்.

"இன்னா அண்ணாச்சி, திட்டிக்கினே நாப்பது தபா கேசட் எட்த்துனு போயிருக்கே. உன்னைவிட்டா வேற யாரு கீறான்?"

அண்ணாச்சி வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு, சொன்ன நேரத்துக்கு முக்கால் மணி முன்பே போய் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில், கழுத்தில் மஃப்ளர் சுற்றிய ஒல்லியான மனிதர் ஒருவர் அதிமதுரத் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டிருந்தார். சித்திரை மாதத்தில் மஃப்ளர் எதற்கு என்று இந்த இனம் கேட்காது. தான் பேசுவதைக் கேட்பதற்கு ஆள் கிடைத்தால் போதும்.

விளக்கு அணைந்தது. பனிப்பாறை பிளந்தது. விரியன் எழுந்தான். இந்த முறை முகத்தில் பாதி தகரம். அண்ணாச்சி, "போச்சு" என்றார். அதற்குப் பிறகு அரை மணி நேரம் விடவில்லை. இப்போது கதவை உடைப்பான் பாருங்கள் என்றார், உடைத்தான். இப்போது சிரிப்பான் என்றார், சிரித்தான். இவனை முதல் தொட்டியிலேயே மூடிபோட்டுக் கொன்றிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும் என்றார். மஃப்ளர்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒரே ஒரு தடவைதான் மெல்லிய குரலில் பதில் சொன்னார்.

"புதுசா ஒருத்தன் வந்தான்னா, அவன் யாரு, எதுக்குக் கெட்டவனானான்னு சொல்றதுக்கே முக்கால் மணி நேரம் போயிடும் சார். தெரிஞ்சவன்னா வந்ததும் வேலையைப் பார்ப்பான்."

நியாயமாகத்தான் இருந்தது. அதனால் அண்ணாச்சி அதைக் காதில் வாங்கவில்லை.

விளக்கு எரிந்ததும் சீட்டு வந்தது. 'டாக்டர் விரியன் மீண்டும் வந்தால் பார்ப்பீர்களா?' அண்ணாச்சி பேனாவை உதறி, 'மாட்டேன்' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார். சீட்டு வாங்க வந்த அக்பர் பாஷா அதைப் பார்த்தார். பிறகு மஃப்ளர்காரரைப் பார்த்தார்.

"இவரு யாருன்னு தெரியுமா அண்ணாச்சி? இனாயத் பாய். டாக்டர் விரியனுக்கு நாலு பாகத்துலயும் தமிழ்ல பேசுனது இவருதான். அம்மாதான் வரச் சொன்னாங்க."

அண்ணாச்சி சீட்டின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தார். இதற்கு முன் அவர் தன் கருத்தை மறைத்ததாக யாருக்கும் நினைவில்லை.

இனாயத் அவசரமாகச் சமாதானம் சொன்னார். அவருக்கு ஒரு வருத்தமும் இல்லையாம். விரியனுக்கு முன்னால் அவர் பேசியதெல்லாம் கூட்டத்தில் கத்தும் ஜனம், கனைக்கும் குதிரை, குரைக்கும் நாய். வீட்டில் மனைவி நஸ்ருன்னிசா அதைப் பற்றி யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. விரியன் வந்த பிறகுதான் ராயப்பேட்டையில் அவர் தெருவே அவரை டாக்டர் என்று கூப்பிட ஆரம்பித்தது. இரண்டு பேர் இருமலுக்கு மருந்துகூடக் கேட்டுவிட்டார்கள்.

"விரியன் போயிட்டான்னா மறுபடி நாய்தான் சார்" என்றார். "பரவாயில்ல. நாயும் நல்லாத்தான் பண்ணுவேன்."

அண்ணாச்சி சீட்டைப் பார்த்தார். கொள்கை என்றால் கொள்கைதான். இருபது வருஷம் ஒரு குக்கருக்குக்கூட விட்டுக்கொடுக்காத கொள்கை. ஆனால் எதிரே நிற்கும் மனிதரின் கழுத்துக்குள் விரியன் இருக்கிறான். நாற்பது தடவை தன்னை நாற்காலி நுனிக்கு இழுத்த குரல் அங்கே மஃப்ளர் சுற்றிப் படுத்திருக்கிறது.

"பாய், தப்பா நினைக்காதீக. அந்த அமிலத் தொட்டியில விழுறப்போ சொன்னதை ஒரு தடவை சொல்லுதீகளா?"

இனாயத் அதிமதுரத்தைத் துப்பினார், மஃப்ளரை அவிழ்த்தார். வயிற்றிலிருந்து கிளம்பி நாற்காலிகளின் அடிவழியாக ஊர்ந்து வந்தது அந்தக் குரல்.

"பருந்தே, நீ பறக்கும் வானத்துக்கும் ஒரு கூரை போடுவேன்."

சுலோச்சனா அம்மாள் காபியைக் கீழே வைத்தார். அண்ணாச்சியின் கையில் மயிர்க்கால்கள் எழுந்து நின்றன. 'மாட்டேன்' என்பதை அடித்துவிட்டு, 'பார்ப்பேன்' என்று எழுதினார். அக்பர் பாஷாவிடம் கொடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதோடு விட்டிருந்தால் அவர் சாதாரண நல்ல மனுஷராகப் போயிருப்பார். அவர் கண்களை லேசாக மூடினார், மூக்கு வழியாகப் பெருமூச்சு விட்டார்.

"அருமை பாய். இருந்தாலும், மொதல் பாகத்துல இன்னும் கொஞ்சம் நல்லா இருந்துச்சு."

இனாயத் மஃப்ளரை மறுபடி சுற்றிக்கொண்டார். "உண்மைதான் சார். அப்போ எனக்கு முன் பல்லு ரெண்டும் சொந்தப் பல்லு" என்றார்.

பத்துச் சீட்டில் ஆறு 'பார்ப்பேன்'. ஐந்தாம் பாகம் ஆவணியில் வெளியானது. முதல் நாள், முதல் காட்சி, மூன்றாவது வரிசையில் அண்ணாச்சி இருந்தார். வெளியே வந்து, சைக்கிள் ஸ்டாண்டில் நின்ற முன்பின் தெரியாத நான்கு பேரிடம் இது வேலைக்காகாது என்று விளக்கினார். விளக்கி முடித்துவிட்டு மாலைக் காட்சிக்கு வரிசையில் போய் நின்றார்.

இந்த இனத்திடம் நீங்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று சொல்லத்தான் ஆரம்பித்தேன். ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்தால் சந்தேகமாக இருக்கிறது. இந்தக் கதையின் ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது, போகப் போகக் கொஞ்சம் இறங்கிவிட்டது என்று இப்போது நினைத்தீர்களா, இல்லையா? நினைத்துக்கொண்டே கடைசி வரி வரைக்கும் வந்துவிட்டீர்கள், பாருங்கள்.