பதினேழாம் எண்காரர் போனை எடுக்கவில்லை

அன்பும் அவசரமும் ஒருங்கே அமைந்த மச்சானுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே உன் அக்கா நலம். என் முழங்கால் வலியும் என்னை விட்டுப் பிரியாமல் நலம். அங்கே நீயும் உன் மனைவியும் உன் குளிர்பதனக் கிடங்கும் குளுகுளுவென்று இருப்பீர்கள் என நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியில் குறுக்கே விழுவாய், அதனால்தான் கடிதம்.

நீ சொன்னபடிதான் போனேன். என் மகள் ஷிப்டு ஷிப்டாகத் தூக்கம் கெடும் வேலையை விட்டுவிட்டு உன் கிடங்கு அலுவலகத்தில் வந்து உட்காரட்டும், அவளிடம் ராஜினாமா வாங்காமல் திரும்புவதில்லை என்று உனக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, குடும்பத்தார் பார்வையிடும் நாளில் மின்சாரக் கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைந்தேன். சுவர் முழுக்கத் திரை, நடுவில் பெரிதாக ஐம்பது என்று ஓர் எண். என் மகள் அதைப் பார்த்துக்கொண்டு டீ குடிக்கிறாள். எண்ணும் அசையவில்லை, இவளும் அசையவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராண்டாவுக்கு வந்து உனக்குப் போன் போட்டேனே, ஞாபகம் இருக்கும். "இவ்வளவு படிக்க வச்சது ஒரு நம்பரை மொறைச்சுப் பாக்கவா?" என்று நான் கேட்க, "நான் அப்பவே சொன்னேனே அத்தான்" என்று நீ ஆரம்பிக்க, பேச்சு உன் பல்வலி, என் முழங்கால், உன் மூத்தவனின் கார் என்று எங்கெங்கோ போனது. கண்ணாடி வழியே பார்த்தால் இவள் எழுந்து நின்று காதில் ரிசீவரை வைத்திருக்கிறாள். "இதோ பாரு, வேலை நேரத்துல போன்ல அரட்டை வேற" என்று அதையும் உனக்கு நேரடி வர்ணனை செய்தேன். பிறகுதான் கவனித்தேன், அறையில் எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். சட்டென்று போனை வைத்துவிட்டு உள்ளே ஓடினேன்.

எண் 49.7 என்று காட்டியது. பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்தவன் நான். இந்தப் பிசிறெல்லாம் எனக்கு ஒரு கணக்கே இல்லை. ஆனால் அங்கே எல்லோர் கண்ணும் அதன் மேலேயே இருந்தது. பக்கத்தில் நின்ற ஷிப்டு தலைவி தாழ்ந்த குரலில் சொன்னார்: "சூரிய மின்சாரம் வர்ற பக்கம் மொத்தமா மேகம் மூடிடுச்சு சார். காத்தும் படுத்துடுச்சு. அந்த நம்பர் மின்சாரத்தோட துடிப்பு, வரவும் செலவும் சரியா இருந்தாத்தான் அம்பதுல நிக்கும். இன்னும் எறங்கினா ஊர் ஊரா தானாவே அணைய ஆரம்பிச்சுடும். மின்சாரத்தைக் குடத்துல புடிச்சு வைக்க முடியாதே! பேட்டரி கொஞ்ச நேரந்தான் தாங்கும். அதனாலதான் கூடக் குடுக்கறேன்னு சில பேரு, மோட்டாரை நிறுத்தி விட்டுக்குடுக்கறேன்னு சில பேரு, முன்கூட்டியே மின்சாரச் சந்தையில வாக்குக் குடுத்திருப்பாங்க. கூப்பிட்டா செய்யணும்."

அப்போது என் மகள் சொன்னாள்: "வாக்குக் குடுத்தவங்க பட்டியல்ல பதினேழாம் நம்பருக்கு மறுபடி மறுபடி அடிச்சுட்டேன் மேடம், என்கேஜ்டாவே இருந்துச்சு. இனி நேரமில்ல, விட்டுடறேன்." அடுத்த நொடி நீர்மின் நிலையத்தைப் பிடித்தாள். "ரெண்டாவது மெஷினையும் ஓட்டுங்க. ஆமா, இப்பவே." குரலில் ஒரு நடுக்கம் இல்லை. எங்கோ மலையில் தண்ணீர் விழுந்து சக்கரம் சுழலும்வரை பேட்டரிகள் தாக்குப்பிடித்தன. எண் மெல்ல மெல்ல ஏறி ஐம்பதில் வந்து நின்றது. அவள் உட்கார்ந்து ஆறிப்போன டீயை எடுத்தாள்.

மச்சான், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வாழ்நாள் முழுக்கச் சுவிட்சைத் தட்டினேன், விளக்கு எரிந்தது, அதற்குமேல் யோசித்ததில்லை. நான் தட்டுகிற அதே நொடியில் அதை யாரோ எங்கோ உண்டாக்கித் தருகிறார்கள். மேகமும் காற்றும் இஷ்டத்துக்கு வந்து போகிற நாளிலும் கூடாமல் குறையாமல் தருகிறார்கள். ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை நடக்கிறது, லிப்டுக்குள் ஆள் நிற்கிறான், ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. அதைப் பிடித்து நிறுத்துகிறவள், குளியலறை விளக்கை அணைக்கவில்லை என்று தினமும் என்னைத் திட்டுகிற அதே பெண். பெற்ற மகளைப் பார்க்க எனக்கே கொஞ்சம் பயமாகவும் நிறையப் பெருமையாகவும் இருந்தது.

ஆனால் அந்தப் பதினேழாம் எண்காரன் இருக்கிறானே! நாடே இருண்டுபோக இருந்த நேரத்தில் எந்த வெட்டிப் பயலோடு அப்படி என்ன வெட்டிப் பேச்சு? அவனையும் எதிர்முனையில் பேசிய அறிவுகெட்டவனையும் ஒரே மின்கம்பத்தில் சேர்த்துக் கட்ட வேண்டும். ஆகவே ராஜினாமாப் பேச்சை நான் எடுக்க மாட்டேன். உன் அலுவலகத்துக்கு வேறு ஆள் பார்.

உன் வீட்டு விளக்கும் விசிறியும் உன் அக்கா மகள் தயவில் என்றும் குறைவின்றி இயங்க ஆசீர்வதிக்கும்,
அத்தான்.

பின்குறிப்பு: எண்ணெல்லாம் சரிதானா பார் என்று கடிதத்தை மகளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தாள். "பதினேழாம் நம்பர் மாமாவோட கிடங்குதான்பா. கூப்பிட்டா குளிர் மோட்டாரை நிறுத்தறேன்னு வாக்குக் குடுத்தவரு. கூப்பிடறதுக்குத் தன்னோட போன் நம்பரைத்தான் குடுத்திருக்காரு" என்றாள். ஆகவே மின்கம்பம் விஷயத்தில் நமக்குள் இடம் பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நீ தெற்குப் பக்கம், நான் வடக்குப் பக்கம். கடிதத்தைக் கிழிக்கப் போனேன், விடவில்லை. "அப்படியே அனுப்புங்க. மாமாவை இதுக்குன்னு தனியா ஒரு நம்பர் வாங்கச் சொல்லுங்க. அதை உங்களுக்கு மட்டும் குடுக்க வேண்டாம்னும் சொல்லுங்க" என்கிறாள்.