நூற்றுக்கு நூறு வாங்கிய வீடு

மனித குலம் பிள்ளை வளர்க்கக் கற்றுக்கொண்டது 1986ஆம் ஆண்டு மார்ச் மாதம், மலேசியாவின் ஈப்போ நகரத்துப் புந்தோங்கில். அதற்கு முன்னால் வளர்ந்தவர்கள் எல்லாம் ஏதோ தற்செயலாக வளர்ந்தவர்கள். அவர்களை மன்னித்து விடலாம்.

இந்த மகத்தான காரியத்தைச் செய்தது ‘புந்தோங் இல்லக் குழந்தைப் பராமரிப்பாளர் தொழில்தர மேம்பாட்டுக் குழு’. தலைவர் சூசைநாதன், சுங்கை சிப்புட் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் ஆபீஸ் குமாஸ்தாவாக, அதாவது ‘கிராணி’யாக இருந்து ஓய்வு பெற்றவர். குழுவில் பிள்ளை பார்க்கும் பெண் ஒருத்தியும் கிடையாது. கூட்டம் பகலில் நடந்தது. அவர்களோ அந்த நேரத்தில் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொறுப்பில்லாத ஜனங்கள்!

வீட்டில் ஆறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இருளாயிக்குக் கடிதம் வந்தது. வரும் புதன்கிழமை காலை பத்து மணிக்குத் ‘திடீர்’ சோதனை. தேறாத வீட்டில் யாரும் பிள்ளையை விடக்கூடாது. கடிதத்தைப் படித்துச் சொன்னவள் டோரிஸ். அவள் பேக்டரியில் வேலை பார்த்தாள்; அவளுடைய எட்டு மாதக் குழந்தையும் இருளாயியிடம்தான் இருந்தது.

“அக்கா, நீங்க பெயிலானா நான் வேலைய விட வேண்டியதுதான் லா. புள்ளைய வேற யாரு பாத்துக்குவா?”

“அட, பயப்படாதே புள்ள. சோதனைனா எனக்குத் தெரியாதா? சூசைநாதன் கிராணிகிட்டயே படிச்சவ நான்.”

உண்மைதான். அந்த எஸ்டேட்டில் வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் கொட்டகையில் இருளாயி பதினாறு வருஷம் ஆயா. துரை பார்வையிட வருவதற்கு முதல்நாளே சூசைநாதன் சைக்கிளில் வந்து இறங்குவார். “நாளைக்குத் துரை வாராரு. அழுவறது, மூக்கு ஒழுவறது, பேதி போறது ஒண்ணும் அவரு கண்ணுல படக்கூடாது. ஸ்டோருக்குப் பின்னால கொண்டு போயிடு.” மறுநாள் கொட்டகை பளபளக்கும். மேசையில் பால் டின்கள் வரிசையாக நிற்கும். துரை புன்னகைத்துவிட்டுப் போவார். சாயங்காலம் அந்த டின்கள் ‘பாதுகாப்புக்காக’ கிராணி வீட்டுக்குப் போய்விடும். எவ்வளவு முன்யோசனை! பிள்ளைகள் கஞ்சித் தண்ணீர் குடித்தார்கள்.

புதன்கிழமை விடிந்ததும் இருளாயி ஆறு பிள்ளைகளையும் பக்கத்து வீட்டு குல்ஜார் பேகத்திடம் விட்டாள். உத்தரத்தில் தொங்கிய சாரோங் ஏணைகளை அவிழ்த்து மடித்தாள். தரையை இரண்டு முறை துடைத்தாள்.

பத்து மணிக்குக் குழு வந்தது. குழு உறுப்பினர் கெர்ட்ரூட் டீச்சர் பட்டியலைப் படிக்க, இருளாயி பதில் சொல்ல, தலைவர் பேனாவைத் தூக்கினார்.

“கூச்சல்?”

“இல்லை.”

“ஈரத்துணி?”

“இல்லை.”

“சிந்திய சோறு?”

“ஒரு பருக்கை கூட இல்லை.”

நாற்பத்தோரு கேள்விகளும் இப்படியே நிறைவேறின. கடைசியில் கெர்ட்ரூட் டீச்சர் தயங்கினார். “சார், பிள்ளைங்க எங்க?”

“பட்டியல்ல அந்தக் கேள்வி இருக்கா?”

“இல்ல சார்.”

“அப்புறம் என்ன லா?”

இருளாயியைப் பார்த்துச் சூசைநாதன் ஒரு கண்ணைச் சிமிட்டினார். நூற்றுக்கு நூறு!

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் மாலை, கைதட்டல், தங்க எழுத்தில் சான்றிதழ். டோரிஸ் அழுதே விட்டாள். பிறகு கீழே பொடி எழுத்தில் இருந்த நிபந்தனையை வாசித்தாள்: ‘வீடு எந்நேரமும் சோதனை நாளில் இருந்த நிலையிலேயே இருத்தல் வேண்டும். தவறினால் சான்றிதழ் ரத்து.’

சோதனை நாளில் இருந்த நிலை என்றால், வீட்டில் பிள்ளையே இருக்கக் கூடாது! இருளாயிக்குக் கோபம் வந்தது.

திங்கட்கிழமை காலை ஏழு மணி. சூசைநாதன் கதவைத் திறந்தார். வாசலில் இருளாயி, இடுப்பில் டோரிஸின் குழந்தை, சுற்றிலும் ஐந்து பிள்ளைகள். ஒருவன் அதற்குள் அவருடைய பூந்தொட்டியில் ஒன்றுக்குப் போயிருந்தான்.

“என்னம்மா இது?”

“நம்ம தரம் கெட்டுடக் கூடாதுங்க கிராணி ஐயா. பிள்ளை இல்லாத வீட்டுக்குத்தானே நூறு மார்க்கு குடுத்தீங்க? அதான், பிள்ளைங்கள இங்க விட்டுட்டு வீட்டைப் பாத்துக்கப் போறேன்.”

“விளையாடாதே லா! நிபந்தனைய அடிச்சுத் தரேன். தூக்கிட்டுப் போ.”

“அடிங்க.” இருளாயி சான்றிதழை நீட்டினாள்.

நிபந்தனையைக் கோடு போட்டு அடித்தார். கையெழுத்தும் போட்டார். இருளாயி தாளை வாங்கி மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கைக்குழந்தை வீறிட்டு அழுதது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. தொழில்தரம் காத்த தலைவர் பதறிப் போனார்.

“ஐயோ, ஊரே பாக்குது. பாலைக் குடும்மா! பால் டின்னு கொண்டு வரலியா?”

“நான் எதுக்குங்க கொண்டு வரணும்?” என்றாள் இருளாயி. “எங்க கொட்டகைப் பால் டின்னு எல்லாம் அப்பவே உங்க வீட்டுக்குத்தானே வந்துச்சு. உள்ள போய்ப் பாருங்க, மிச்சம் இருக்கும்.”