வராத பார்சலும் வந்த போனும்

ஊரில் யாருக்குப் பார்வை மங்கினாலும் அந்தக் கண்ணாடிக் கடைக்காரரிடம்தான் வருவார்கள். சுவரில் மாட்டிய அட்டையின் கடைசி வரியை, எறும்பு சைஸ் எழுத்தை, எட்டடி தூரத்திலிருந்து படிப்பார். அப்பேர்ப்பட்டவர் கண்ணிலேயே போன வாரம் ஒருவன் மண்ணைத் தூவிவிட்டான்.

உங்கள் பார்சல் பாதி வழியில் நிற்கிறது, விலாசம் சரியில்லை என்று போனில் ஒரு செய்தி. அவர் எதையும் வாங்கவில்லை. ஆனாலும் வருகிறதை விடுவானேன் என்று தட்டினார். பெயர் கேட்டது, கொடுத்தார். அடையாள அட்டையின் இரண்டு பக்கமும் கேட்டது. வெளிச்சம் போதாதென்று வாசலுக்கே வந்து, பளிச்சென்று படம் பிடித்து அனுப்பினார். பத்து நிமிஷம் கழித்துத்தான், வாங்காத பொருளுக்கு ஏது பார்சல் என்று உறைத்தது.

யாரிடமும் மூச்சு விடவில்லை. அன்று சாயங்காலம் வீட்டில் அவசரச் சட்டம் போட்டார். இனி எல்லாருடைய பாஸ்வேர்டும் அவரிடம்தான் இருக்கும். தெரியாத நம்பரை அவரைக் கேட்காமல் யாரும் எடுக்கக் கூடாது. கல்லூரிக்குப் போகும் மகள் சரி சரி என்று தலையாட்டிவிட்டு நழுவினாள். மனைவி அசையவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் பதினைந்து வருஷமாக விசாரணை போன் எடுக்கிறவள் அவள். எதிர்முனையில் யாராவது தொண்டையைச் செருமினாலே இன்னார் என்று சொல்லிவிடுவாள்.

“என் போன், என் விரல். அது என்கிட்டேயே இருக்கட்டும்” என்றாள்.

“உலகம் கெட்டுக் கிடக்கு. நீ ஏமாந்துட்டு வந்து நிப்பே.”

“நின்னா நான்தானே நிக்கப் போறேன். உங்களுக்கு ஏன் கால் வலிக்குது?”

அந்தப் பேச்சு அவரைச் சுட்டது. இவளை ஒரு தடவை ஏமாற்றிக் காட்டினால்தான் வழிக்கு வருவாள் என்று முடிவு கட்டினார். மறுநாள் மத்தியானம் பக்கத்து மருந்துக்கடைக்காரரின் போனை இரவல் வாங்கி, இரண்டு கன்னத்திலும் பஞ்சை அடைத்துக்கொண்டு கூப்பிட்டார்.

“மேடம், பேங்க்லேர்ந்து பேசறோம். உங்க கணக்கை இன்னும் அரை மணியில முடக்கப் போறோம்.”

“ஐயையோ. நல்ல வேளை கூப்பிட்டீங்க சார். என்ன செய்யணும்?”

மாட்டினாள் என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. போனில் வரும் ஆறு இலக்க எண்ணைச் சொல்லச் சொன்னார். சொல்கிறேன் என்றவள், நீங்கள் நிஜமான பேங்க்தானா என்று எப்படி நம்புவது, கணக்கில் வீட்டுக்காரர் பேரும் இருக்கிறதே, அவர் விவரம் உங்களிடம் இருக்குமில்லையா என்று இழுத்தாள். இருக்கிறது என்று நெஞ்சை நிமிர்த்தினார் அவர்.

“அவர் பிறந்த தேதி என்ன சார்? பள்ளிக்கூடத்துல போட்டதா, நிஜமா பிறந்ததா, எது அட்டையில இருக்குன்னு எனக்கே குழப்பம்.”

“பள்ளிக்கூடத்துல போட்டதும்மா” என்று தேதியைச் சொன்னார். அடையாள அட்டை எண்ணையும் மூச்சு விடாமல் ஒப்பித்தார். சமீபத்தில் அவர் எதையாவது தட்டினாரா, என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று அடுத்துக் கேட்டாள். எல்லாம் தெரிந்த பேங்க்காரராகக் காட்டிக்கொள்ளும் வேகத்தில் அதற்கும் பதில் சொல்லிவிட்டார். “செவ்வாய்க்கிழமை மேடம், நாலரை மணி, பார்சல்னு வந்த செய்தி” என்றார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். பஞ்சுதான் அகப்பட்டது.

எதிர்முனையில் பேனா தாளில் ஓடும் சத்தம் கேட்டது.

“அவ்வளவுதாங்க” என்றாள், தன் சொந்தக் குரலில். “காலையில உங்க பேர்ல யாரோ மூணு சிம் கார்டு வாங்கப் பார்த்திருக்கான். கம்பெனிக்காரங்க சந்தேகப்பட்டு வீட்டுக்குப் போன் பண்ணாங்க. நான் லீவு போட்டுட்டு ஆன்லைன் மோசடிப் புகார் ஆபீஸ்ல உக்காந்திருக்கேன். புகார் பாரத்துல பாதி இடம் காலியா இருந்துச்சு. நேரா கேட்டா உசிரே போனாலும் சொல்லியிருக்க மாட்டீங்க.”

“எப்பத் தெரிஞ்சுது நான்தான்னு?”

“முதல் மேடத்துலேயே. கிளம்பி வாங்க. சீக்கிரம் வந்தா அந்த அடையாள அட்டையை இன்னைக்கே முடக்கிடலாமாம்.”

பஞ்சைத் துப்பிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். மூன்று சிம். அது கிடைத்திருந்தால் தன் பேரில் என்னென்ன செய்திருப்பானோ என்று நினைத்தபடியே நடையைக் கட்டினார். ஆனால் ஆபீஸ் படி ஏறுவதற்குள் தலை பழையபடி நிமிர்ந்துவிட்டது. மேஜைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தாவிடம் கணீரென்று சொன்னார்.

“நான் ஒண்ணும் ஏமாறல சார். வீட்டுல எல்லாரும் எவ்வளவு உஷாரா இருக்காங்கன்னு பார்க்கறதுக்காக, வேணும்னேதான் தட்டினேன்.”

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். குமாஸ்தா தலையை நிமிர்த்தாமலே பாரத்தை அவர் பக்கம் தள்ளினார்.

“தினம் நாலு பேர் அப்படித்தான் சொல்றாங்க சார். ‘ஏமாந்தவர்’னு போட்டிருக்கு பாருங்க, அதுக்குக் கீழே ஒரு கையெழுத்து.”