எடுத்தவர் யாரு?

"இந்த வருஷம் என் போட்டோ ஒண்ணுகூட ஓசியில எவன் சுவத்துலயும் தொங்காது!"

1974 பொங்கல் கழிந்த மறுநாள், திருவள்ளூர் தேரடியில் இருக்கும் என் ஸ்டூடியோவில் ஸ்டூல் மேல் ஏறி நின்று இப்படிச் சபதம் செய்தேன். கேட்டவர்கள் இரண்டு பேர். ஒன்று என் மனைவி செங்கம்மாள். இன்னொன்று பின்திரையில் வரைந்திருந்த மயில். மயில் மரியாதையாகக் கேட்டது.

"சபதம் முடிஞ்சுதுன்னா எறங்கு மாமா. கஸ்டமரு ஒக்கார்ற ஸ்டூலு அது."

"நான் ஒரு போராட்டம் ஆரம்பிக்கிறேன், நீ ஸ்டூலைப் பத்திப் பேசற!"

"மூணு கால்ல ஒண்ணு ஆடுது. விழுந்தீன்னா போராட்டமும் சேர்ந்து விழும்."

இறங்கினேன். ஆனால் கொள்கையிலிருந்து இறங்கவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் ஊர் கலை மன்றம் வருஷா வருஷம் மாசி மாதம் பள்ளிக்கூட ஹாலில் ஒரு கண்காட்சி நடத்தும். ஓவியம் வரைந்தவர்கள் தங்கள் பெயரையும் விலையையும் எழுதி ஒட்டலாம், விற்கலாம். போட்டோ எடுத்தவர்களுக்கு விலையும் கிடையாது, பெயரும் கிடையாது. 'புகைப்படம். விற்பனைக்கு அல்ல' என்று ஒரு சீட்டு, அவ்வளவுதான். போன வருஷம் நான் எடுத்த தேர்ப் படத்தை ஒருவர் விலைக்குக் கேட்டார். மன்றத்துச் செயலாளர், ரிடையர்டு டிராயிங் மாஸ்டர் ராஜவேலு, அதைக் கழற்றி அவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் பதிலுக்கு ஒரு சால்வை வாங்கிக்கொண்டார். படம் என்னுது. அன்பு அவருது. சால்வையும் அவருது.

"இது ஞாயமா மாஸ்டர்?" என்று கேட்டேன்.

"நீ இன்னாப்பா பண்ண? மெஷின் எடுக்குது. நீ பட்டனை அமுக்கின. காலிங் பெல்லைக்கூடத்தான் அமுக்கறாங்க. அதுக்கெல்லாம் பேரும் வெலையும் போடறதா?"

"உங்க பிரஷ்ஷு மட்டும் தானா நடந்து போயி வரையுதா?"

"அது கலை. உன் படத்துல கலரே இல்லியே!"

அன்றைக்கு விழுந்த பொறிதான் ஒரு வருஷமாகப் புகைந்து இப்போது பற்றிக்கொண்டது. ஒரே வாரத்தில் சங்கம் ஆரம்பித்தேன். மொத்தம் மூன்று உறுப்பினர்கள். நான் தலைவர். கும்மிடிப்பூண்டியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் சாலமோன் செயலாளர். கடம்பத்தூரில் வேறொருவர் ஸ்டூடியோவில் வேலை பார்க்கும் தணிகாசலம்தான் பொதுமக்கள்.

என் ஸ்டூடியோவில் கூட்டம் போட்டோம். மன்றத்திடம் கொடுக்க ரூல்ஸ் எழுதினேன். ஒன்று: போட்டோவையும் விற்கலாம், விலை சொல்லும் உரிமை எடுத்தவருக்கே. இரண்டு: படத்தின் கீழே எடுத்தவர் பெயர் இருக்க வேண்டும். மூன்று: எடுத்தவர் கையெழுத்து இல்லாமல் எந்தப் படமும் சுவரை விட்டு இறங்கக் கூடாது.

டார்க் ரூம் திரைக்குப் பின்னாலிருந்து செங்கம்மாள் குரல் வந்தது. அவள்தான் உள்ளே பிலிம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எடுத்தவருன்னா யாரு மாமா? ஸ்டூடியோ ஓனரா, பட்டனை அமுக்குனவங்களா? தெளிவா எழுது. மாஸ்டரு வளைச்சுடுவாரு."

தணிகாசலம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். அவன் எடுக்கும் படத்துக்கெல்லாம் அவன் முதலாளி பெயர்தான். எனக்கு நெஞ்சு விம்மியது. பேனாவை ஓங்கினேன்.

"கேமரா யாருதா இருந்தாலும் சரி, ஸ்டூடியோ யாருதா இருந்தாலும் சரி. கண்ணை வச்சுப் பார்த்துப் பட்டனை அமுக்குனது யாரோ, அவங்கதான் எடுத்தவர்!"

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்மே!"

"அடிக்கோடு போட்டுடு."

இரண்டு கோடு போட்டேன்.

கண்காட்சி அன்று காலை ஒன்பது மணிக்கு நாங்கள் மூவரும் ஹால் வாசலில் நின்றோம். கையில் செய்தித்தாள் சுற்றிய படங்கள். தோளில் மூடிய கேமராப் பை. மாஸ்டர் எங்கள் காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இஷ்டமில்லேன்னா போங்கப்பா. ஓவியமே போதும்."

"போகல மாஸ்டர். இங்கியே நிப்போம்."

"நில்லுங்க. வெயிலு ஒடம்புக்கு நல்லது."

பத்து மணிக்குச் சிறப்பு விருந்தினர் வந்தார். காக்களூரில் பம்பு செட் பட்டறை வைத்திருக்கும் சுப்பராயன். கழுத்தில் மாலை விழுந்தது. கையில் கத்தரிக்கோல் வந்தது. ரிப்பனருகே போய், கத்தரிக்கோலைத் திறந்து, முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு நிமிஷம் ஆயிற்று.

"இன்னா மாஸ்டர், போட்டோ எடுக்கற ஆளு எங்க?"

மாஸ்டர் எங்களிடம் ஓடி வந்தார்.

"மணவாளா, ஒரே ஒரு படம்பா!"

"மெஷின்தானே மாஸ்டர் எடுக்குது? மெஷினைக் கூப்புடுங்க, வரும்."

"சாலமோனு, நீயாவது..."

"என் விரல்ல சுளுக்கு மாஸ்டர். காலிங் பெல்லைக்கூட அமுக்க முடியல."

சுப்பராயன் சிரிப்பை இறக்கி வைத்தார். "பேப்பர்ல படம் வராதுன்னா நான் எதுக்குய்யா சலவைச் சட்டை போட்டுக்கினு வந்தேன்? படம் இல்லாம ரிப்பன் வெட்ட மாட்டேன்."

அரை மணி நேரம் ரிப்பன் காற்றில் ஆடியது. மாஸ்டர் வியர்த்தார். அரக்கோணம் லோக்கலில் வந்த ஜனமெல்லாம் வாசலில் நெரிந்தது. கடைசியில் அவர் கை நீட்டினார். நான் ரூல்ஸ் காகிதத்தைப் பிரித்துக் கொடுத்தேன். மூன்று ரூல்ஸுக்கும் கீழே கையெழுத்துப் போட்டார்.

பையிலிருந்து கேமராவை எடுத்தேன். ரிப்பன் வெட்டுப்பட்டது. அந்த நிமிஷம் நான் திருவள்ளூருக்கே ராஜா.

உள்ளே போய் என் படத்தைப் பிரித்து மாட்டினேன். கூட்டம் அப்படியே மொய்த்தது. பழவேற்காடு ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒரு பெண் வலையை உதறுகிறாள். பின்னால் பூநாரைக் கூட்டம் மொத்தமாக எழும்புகிறது. 'எடுத்தவர்: மணவாளன்' என்று எழுதச் சீட்டை எடுத்தேன். எனக்கு முன்னால் ஒரு கை நீண்டு, பசை தடவிய இன்னொரு சீட்டைப் படத்தின் கீழே ஒட்டியது.

'எடுத்தவர்: செங்கம்மாள், பழவேற்காடு.'

முன்னால் என் இனிஷியல்கூட இல்லை.

உங்களிடம் மறைப்பானேன்? மார்கழியில் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தோம். ஏரியில் படம் எடுக்கிறேன் என்று படகில் ஏறினேன். படகு கரையை விட்டு நாலு முழம் போனதுமே என் குடல் கரைக்குத் திரும்பிவிட்டது. வலை மூட்டை மேல் கவிழ்ந்து படுத்து முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். செங்கம்மாள் என் கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றினாள். தண்ணீரில் நின்ற அவள் சித்தி பச்சையம்மா வலையை உதறினாள். 'டிக்' என்று ஒரு சத்தம். அந்தப் படத்தில் எனக்குத் தெரிந்தது அந்தச் சத்தம் மட்டும்தான்.

"இன்னாமே இது?" என்று பக்கத்தில் வந்து நின்ற செங்கம்மாளிடம் பல்லைக் கடித்தேன். "கேமரா என்னுது!"

"மாஸ்டரு பிரஷ்ஷைக்கூடக் கடைக்காரன்தான் வித்தான். கடைக்காரன் பேரா போடறாங்க?"

"பிலிமு என்னுது!"

"கேமரா யாருதா இருந்தாலும் சரின்னு நீதான எழுதுன? பிலிமைப் பத்தி எழுதவே இல்லியே."

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள இன்னாமே உன் பேரு, என் பேரு? எல்லாம் ஒண்ணுதானே!"

"ஒண்ணுதான். அப்ப என் பேரே இருக்கட்டும்."

நான் வாயைத் திறந்தேன். அவள் விடவில்லை. குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியது.

"எட்டு வருசமா அந்த இருட்டு ரூம்புல கழுவிக்கினு கெடக்கறேன் மாமா. கண்ணாலம், காதுகுத்து, எல்லாரு மூஞ்சியும் என் கையிலதான் வெளிய வருது. ஒருத்தருக்காவது என் பேரு தெரியுமா? மாஸ்டரு உனக்குப் பண்ணது அநியாயம்னா, இது இன்னாவாம்?"

மருந்து பட்டுப் பட்டுப் பழுப்பேறிய அவள் நகங்களைப் பார்த்தேன்.

அதற்குள் மாஸ்டர் வந்துவிட்டார். முகமெல்லாம் பல். காகிதத்தை விரித்து உரக்கப் படித்தார்.

"கண்ணை வச்சுப் பார்த்துப் பட்டனை அமுக்குனது யாரோ அவங்கதான் எடுத்தவர். ரெண்டு அடிக்கோடு வேற! மணவாளா, இது உன் கையெழுத்துதானே? படகுல யாருப்பா அமுக்குனது?"

ஹால் முழுக்க என்னைப் பார்த்தது. தணிகாசலம் தன் படத்தின் கீழே தன் பெயரைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனை வைத்துக்கொண்டு என்ன பொய் சொல்ல?

"இவதான்," என்றேன்.

சுப்பராயன் படத்தை விட்டுக் கண்ணெடுக்காமல், "வெல இன்னா?" என்றார்.

"முப்பது ரூபா," என்றேன் பழக்கதோஷத்தில்.

"வெல சொல்றது எடுத்தவங்க," என்றாள் செங்கம்மாள். மாஸ்டர் பக்கம் திரும்பினாள். "நீங்க வரைஞ்ச கோயில் குளம் எம்மாம் மாஸ்டர்?"

"அம்பது."

"அப்ப இது அறுபது."

"ஓவியத்துக்கு மேலயா? போட்டோவுக்கா?"

"உங்க குளத்துல தண்ணி சும்மா நிக்குது மாஸ்டர். எங்க ஏரியில நூறு பறவ பறக்குது. எண்ணிக்கோங்க."

கூட்டம் சிரித்தது. சுப்பராயன் பேரமே பேசவில்லை. அறுபதை எடுத்து அவள் கையில் வைத்தார். கண்காட்சி முடிந்ததும் அவள் கையெழுத்தோடு படத்தை எடுத்துப்போவதாக ஒப்புக்கொண்டார். மூன்றாவது ரூல். என் மூன்று ரூல்ஸும் ஒரு பழுதில்லாமல் வேலை செய்தன. கோபமும் வந்தது, பெருமையும் வந்தது. எதை முன்னால் காட்டுவது என்று தெரியாமல் நின்றேன்.

கிளம்பும்போது சுப்பராயன் என்னைக் காட்டி அவளிடம் கேட்டார். "ரிப்பன் வெட்டும்போது ஒரு படம் எடுத்தாரே, இவரு உங்களுக்கு இன்னா வேணும்மா?"

"எங்க ஊட்டுக்காரரு. நான் எடுக்கற படத்துக்கெல்லாம் இவருதான் சட்டம் போடறவரு."

சுப்பராயன் என் தோளில் தட்டினார்.

"நல்லதாப் போச்சு. பட்டறையில ஆறு சாமி படத்துக்குச் சட்டம் ஒடைஞ்சு கெடக்குது. நாளைக்குக் காலையில சுத்தியும் ஆணியும் எடுத்துக்கினு வந்துடுப்பா!"