மச்சானின் மரியாதை எனக்கு வேண்டாம்

சுவா துறைமுகக் கிடங்கில் மூட்டைகளைக் காவல் காப்பதாகச் சொல்லிக்கொண்டு அவற்றின் மேலேயே படுத்துத் தூங்கும் என் அத்தை மகன் அபெனிசாவுக்கு, தவேயுனித் தீவிலிருந்து இலைத்தியா எழுதுவது. ஆண்டவர் அருளால் நானும் என் மனைவி மெரெயோனியும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். உனக்கெல்லாம் என்ன வந்துவிடப் போகிறது!

நான் எவ்வளவு தேறிவிட்டேன் என்பதை முதலில் கேள். பக்கவாதம் வந்த இடது கைக்குள் மரவள்ளிக் கிழங்கைச் செருகிவைத்து, வலது கையால் நானே தோல் சீவுகிறேன். தேவாலயத்துக்குக் கோலூன்றி நானே போகிறேன். "உங்கள மாதிரி பிடிவாதக்காரர நான் பாத்ததே இல்ல" என்றாள் நர்ஸ். பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். சாயங்காலமானால் தோள்பட்டை குடைந்தெடுக்கிறது. பல்லைக் கடித்துக்கொள்கிறேன், கோணிய வாய்க்கு அதுவும் ஒரு பயிற்சி.

இனி என் புகார். வெள்ளிக்கிழமை ஊர்க் கூடத்தில் எல்லாரும் கூடிக் குடிக்க யங்கோனா வேரை இடித்துக் கரைத்தார்கள். போயே தீருவேன் என்று போய், எல்லாரையும் போலச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். சிரட்டை வந்தது. வாங்குமுன் இரண்டு கையையும் குவித்துத் தட்ட வேண்டுமே, எனக்கேது இரண்டாவது கை? தொடையில் தட்டிக்கொள்ளலாம் என்று ஓங்கி அடித்தால், அது பக்கத்திலிருந்த செமியின் தொடையில் விழுந்தது. செமியும் எனக்கு மச்சான் முறைதான். நினைவு தெரிந்த நாள் முதல் என்னை 'டேய்' என்று கூப்பிடுகிறவன், "பரவால்லைங்க" என்றான். 'ங்க' போட்டான்டா எனக்கு! அந்த அதிர்ச்சியில் பாதி யங்கோனாவைச் சட்டையில் ஊற்றிக்கொண்டேன். எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் என் நல்ல காலிலும் உணர்ச்சி இல்லை. "ஐயோ, அந்தப் பக்கமும் போச்சு!" என்று அலறிவிட்டேன். நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வாசலில் கால் சுருசுருவென்றது. சம்மணம் போட்டதில் மரத்துப்போயிருக்கிறது, அவ்வளவுதான். பழைய நாளாக இருந்தால் இதைச் சொல்லிச் சொல்லியே என்னை ஊரைவிட்டு ஓட வைத்திருப்பார்கள். இப்போது ஒருத்தன்கூடச் சிரிக்கவில்லை. செமி என் வேட்டியை வேறு சரிசெய்து விட்டான்.

வாதம் இன்னொரு தடவை வந்துவிடுமோ என்ற பயம் எனக்கும் உண்டு. ஆனால் இந்த மரியாதை அதைவிடப் பயமாக இருக்கிறது, மச்சான். உயிரோடு இருக்கும்போதே என்னைப் புதைத்துவிட்டார்கள். நீயும்தானே போனில் "உடம்பப் பாத்துக்குங்க" என்று மூக்கை உறிஞ்சினாய்? வெட்கமாக இல்லை? லீவு போட்டுவிட்டு வா. கூடத்தில் எல்லார் முன்னாலும் வாய்க்கு வந்தபடி என்னைத் திட்டு. நீ ஆரம்பித்தால்தான் மற்றவன்களுக்கு வாய் திறக்கும்.

உன் பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். உன் மனைவிக்கு என் அனுதாபங்கள். ஆண்டவர் உனக்கு நீண்ட ஆயுளும் கொஞ்சம் புத்தியும் தரட்டும்.

இப்படிக்கு,
இலைத்தியா

பி.கு.: நேற்றுக் கப்பலில் உன் பொட்டலம் வந்தது. செமிதான் நாலு பேரோடு கொண்டுவந்து கொடுத்தான். பிரித்தால் ஒற்றைச் செருப்பு, வலது காலுக்கு மட்டும். கூடவே உன் கோழிக் கிறுக்கல்: "ஒழைக்கிற காலுக்கு வாங்கியிருக்கேன். மத்தது சம்பாதிச்சு வாங்கிக்கட்டும்." அடப் பாவி! செமி விழுந்து விழுந்து சிரித்து, "டேய் நொண்டி, போட்டுக் காட்டுடா" என்றான். நானும் கண்ணீர் வரச் சிரித்தேன். கோணல் வாயில் எச்சில் வழிந்தது, அதற்கும் சிரித்தார்கள். இப்போது ஒற்றைச் செருப்போடுதான் ஊர் சுற்றுகிறேன். இந்தக் கடிதம் இனி எதற்கு என்று கிழிக்கப் பார்த்தேன். ஒரு கையால் கிழிக்க வரவில்லை. அதனால்தான் அனுப்புகிறேன்.