தோட்டத்துக்குக் கஞ்சி போட்ட மாப்பிள்ளை

மாமனார் ஆகப்போகிறவரிடம் 'தெரியாது' என்று சொல்லக்கூடாது என எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. நானாகச் சேர்த்துக்கொண்டது அது. விளைவு, ஊர் பார்க்க ஒரு மாட்டோடு பந்தி உட்கார்ந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி. ஆரணியில் பட்டுப் புடவைக்கு டிசைன் வரைவது என் தொழில். விஜயாவை எனக்குப் பேசிமுடித்து, பூவும் வைத்தாகிவிட்டது. செய்யாறு கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த அவள் அப்பா, சேவூரில் புது வீடு கட்டியிருந்தார். கிரகப்பிரவேசம் குறையில்லாமல் முடிந்த பிறகுதான் கல்யாணத் தேதி என்பது அவர் கட்டளை. பூனை குறுக்கே போனால் கம்பெனி பஸ்ஸையே விட்டுவிடும் மனிதர்.

கேட்டிலிருந்து வாசற்படி வரை ஒரு பாதை, இருபுறமும் வெறும் மண். இடப்பக்கம் நாள் முழுக்க வெயில். வலப்பக்கம் பக்கத்து வீட்டு வேப்பமரத்தின் நிழல் பாதி நாள் விழும்.

"இங்க இன்னா செடி வக்கலாம் மாப்ள? ஒசரமா வளந்தா ஜன்னல மறைக்கும். வருசா வருசம் புச்சா நட்டுகினு இருக்கவும் நம்மளால ஆவாது."

"உடுங்க மாமா, நான் பாத்துக்கறேன்" என்றேன். (அதுவரை நான் வளர்த்த ஒரே பயிர் மீசை. அதுவும் சரியாக வரவில்லை.)

நர்சரிக்கார அம்மா, "வெயிலு எவ்ளோ நேரம் உழும்?" என்று கேட்டார். "ஆரணில வெயில் உழாத எடம் எதுங்க?" என்று மடக்கினேன். அவர் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

எனக்குத் தெரிந்தது புடவை. எனவே தோட்டத்தையும் புடவையாகவே போட்டேன். உடலுக்குத் தரையோடு படரும் பத்து மணிப் பூ, ரோஜா நிறம். பாதையின் இரு ஓரமும் கரை: சிவப்புப் பொன்னாங்கண்ணி. கயிறு கட்டி, கோணாமல் நட்டேன்.

வெயில் பக்கத்துக் கரை ரத்தினம் மாதிரி சிவந்தது. நிழல் பக்கத்துக் கரை நாளாக நாளாகப் பச்சையாகிவிட்டது. நிழலில் அதற்கு நிறம் ஏறாதாம். கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் மாலை இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒரு கரை சிவப்பு, ஒரு கரை பச்சை என்றால், டிசைன்காரன் என்று சொல்லிக்கொண்டு எந்த முகத்தோடு மாமனார் முன்னால் நிற்பது?

பீட்ரூட்டை வேகவைத்துச் சாறெடுத்தேன். சாறு இலையில் ஒட்ட வேண்டுமே? தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் விறைப்பாக நிற்க நாங்கள் அரிசிக் கஞ்சி போடுவோம். அதையே கெட்டியாகக் கலந்து, பிரஷ்ஷால் இலை இலையாகப் பூசினேன். (பைத்தியம் முற்றினால் பாயைப் பிறாண்டும் என்பார்கள். என் கையில் பிரஷ் இருந்தது.)

விடியற்காலை உறவுக்கூட்டம் கூடிவிட்டது.

"பூவ எங்க மாப்ள காணோம்?"

"பத்து மணிக்குப் பூக்கும் மாமா."

"முகூர்த்தம் ஆறுக்குள்ள."

ஆனால் சீரியல் பல்பு வெளிச்சத்தில் இரண்டு கரையும் ஒரே சிவப்பு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாடு வரும் வரை தாங்காமலே இருந்தது.

புது வீட்டுக்குள் முதலில் பசுவும் கன்றும்தானே போக வேண்டும்? பசு பாதையில் கம்பீரமாக வந்தது, வலப்பக்கக் கரையை ஒரு நக்கு நக்கியது, நின்றுவிட்டது. தினமும் தொட்டியில் கஞ்சித்தண்ணி குடிக்கிற ஜீவன். அதற்குப் பிடித்த கஞ்சியையும் கீரையையும் சேர்த்து யாரோ வரிசையாகப் பரிமாறியிருந்தார்கள். மாட்டுக்காரர் கயிற்றை இழுத்தார், மாமனார் பின்னாலிருந்து தள்ளினார். அது தலையைத் தூக்கியபோது வாயிலிருந்து சிவப்பாக ஒழுகியது.

"ஐயையோ, மாட்டு வாயில ரத்தம்" என்று ஓர் அத்தை அலறினார்.

மாமனார் முகம் வெளுத்துவிட்டது. "வாசப்படி ஏறக்கொள்ளவே ரத்தமா? இனிமே இந்த வீட்ல நல்ல காரியம் எப்படிப் பண்றது?"

அந்த நல்ல காரியம் நான்தான். நிஜமாகவே பயந்துபோனேன். விஜயாவை அன்றோடு இழந்துவிடுவேன் என்றே நினைத்தேன்.

"ரத்தம் இல்ல மாமா, பீட்ரூட்டு."

ஒருவரும் நம்பவில்லை. வேறு வழி? ஒரு கை இலையைப் பறித்து, எல்லோர் முன்னாலும் மென்று தின்றேன். என் மோவாயிலும் சிவப்பு வழிந்தது. பசு என்னைப் பங்காளியைப் பார்ப்பது போலப் பார்த்தது.

"நேரம் போயிண்டிருக்கு. ஜல்தியா உள்ள அழைச்சிண்டு வாங்கோ" என்றார் ஐயர்.

மிச்சக் கரையை அள்ளிக்கொண்டு, "வா, வா" என்று மாட்டின் மூக்குக்கு நேரே ஆட்டியபடி பின்பக்கமாகவே நடந்தேன். அது பின்தொடர்ந்தது. அப்படியாக அந்தப் புது வீட்டில் முதலில் நுழைந்தது பசு அல்ல, பட்டு வேட்டியும் சிவந்த வாயுமாக, முதுகைக் காட்டிக்கொண்டு நான்.

அதுவரை என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியிராத விஜயா, காபி கொடுக்கும்போது மெதுவாகச் சொன்னாள்: "ஒரு கரை செவப்பு, ஒரு கரை பச்சைன்னா கங்கா ஜமுனான்னு உட்டுட்டு இருக்கலாம் இல்லீங்களா?"

கங்கா ஜமுனாப் புடவை வரைந்தே சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் நான். காபியைக் குடித்தேன்.

பத்து மணிக்குத் தோட்டம் முழுக்கப் பூ மலர்ந்தது. எல்லோரும் பந்தியில் இருந்தார்கள். பார்க்க நானும் மாடும்தான் இருந்தோம்.

மாமனார் தேதி குறித்துவிட்டார். "கோமாதாவே இவரு பின்னால வந்துச்சி. நாம இன்னா சொல்றது?" என்றாராம்.

இன்றைக்கும் நான் தெருவில் யாரிடமாவது பேச்சு வளர்த்துக்கொண்டு நின்றால், சாப்பிட வரச்சொல்லி விஜயா குரல் கொடுப்பதில்லை. வாசலில் நின்று ஒரு கீரைக்கட்டை ஆட்டுவாள். நானும் பேச்சை நிறுத்திவிட்டு உள்ளே போய்விடுகிறேன்.